இருநாக்கு

பெகுவில் ஆடி மழை.
ஆராதனை முடிந்தும் குடை விரிக்க மனமில்லாமல்
இருபத்தேழு பேர் உட்கார்ந்திருந்தோம்.
அதனால்தான் சபைக் கூட்டத்தை
அன்றே வைத்துவிட்டார் போதகர் ஏனோக்கு.

உதவிக்காரர் இடம் காலி.
பழையவர் மகனோடு மலேசியா போய்விட்டார்,
சாவிக்கொத்து மட்டும் மேசைமேல் கிடந்தது.
யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.
மாசிலாமணி.
"பேரிலேயே மாசில்லையே" என்றது பின்வரிசை.
அடையாள அட்டையில் நான் மௌங் மியா.
அதுவும் மணிதான், மரகதம்.
மாசைப் பற்றி அரசாங்கம் ஒன்றும் எழுதவில்லை.

போதகர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.
ஒரே மனைவியா?
ஆம். அவளே அங்கே உட்கார்ந்திருந்தாள்.
குடி?
பனங்கள்ளை விட்டு ஆறு வருஷம்.
வீட்டை நடத்தத் தெரியுமா?
மூத்தவன் ரயிலடியில் சீட்டாடுவது
எல்லோருக்கும் தெரியும்.
கூரை ஒழுகும் இடத்தையே பார்த்தார்கள்.
பண ஆசை?
அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறேன்.
முதலாளியிடம் நோட்டு இரண்டு.
நான் எழுதுவது ஒன்றைத்தான்,
மற்றது எந்த அலமாரியில் என்பதும் தெரியும்.
அதையும் சொன்னேன்.

பிறகு கேட்டார்:
இருநாக்கு உண்டா?

சிரிப்பு.
இங்கே யாருக்கு ஒரு நாக்கு?
ஜெபத்துக்குத் தமிழ், கடனுக்குப் பர்மியம்,
பிள்ளைகள் தூக்கத்தில் உளறுவது எதில் என்று
பெற்றவர்களுக்கே தெரியாது.
"அதைக் கேட்கவில்லை" என்றார் போதகர்.

தெரியும் ஐயா.

ஞானப்பூ அக்காவை
பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்.
பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றாள்.
டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"தோன் லா" என்றாள் என்னிடம்.
மூன்று மாதம்.
நான் அக்கா பக்கம் திரும்பினேன்.
"வயிற்றுப் புண்ணாம். காரம் ஆகாதாம்."
ஒரே வாய்தான்.
நடுவில்
எச்சில் விழுங்கும் நேரம்.

தொண்ணூற்று நான்கு நாள்
ங்கப்பி இல்லாமல், மிளகாய் இல்லாமல்
கஞ்சி குடித்தாள் என் பேச்சை நம்பி.
சாகப்போகிறவளின் நாக்கையும் பட்டினி போட்டவன் நான்.
"வேறு ஆளைப் பாருங்கள்" என்றேன்.

தகரத்தில் மழை கொஞ்சநேரம் பேசியது.

அவள் மகள் லீதியாள் எழுந்தாள்,
இடுப்பில் குழந்தையோடு.
"அம்மா முப்பது வருஷம்
பெகு சந்தையில் கருவாடு வித்தவ.
ஒத்தக் கியாட்டுக்குப் பர்மியத்துல சண்டை போடுவா.
தோன் லா அவளுக்குப் புரியாதா?"

குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"வீட்டுப் படியேறும்போதே சொல்லிட்டா.
பாவம் அந்த மணி, பொய் சொல்லவே வரலை,
காது மடல் சிவந்துபோச்சு,
தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே.
கஞ்சி அவரு வந்து பார்க்கிற நேரத்துக்கு.
ராத்திரியில மிளகாய் அரைச்சுக் கொடுத்தது நான்தான்."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.
செத்தவளுக்கும் இருநாக்கு என்று
குறிப்பேட்டில் எழுத முடியுமா?
"ஆறு மாதம் பார்ப்போம்" என்றார் கடைசியில்.
கைகள் உயர்ந்தன, பதினாறோ பதினேழோ.
என் மனைவியின் கை தோள்வரைதான் வந்தது.

இப்போது சாவி என்னிடம்.
விதவைகள் நால்வருக்கு அரிசி அளக்கிறேன்.
திருவிருந்துக் கிண்ணம் நாற்பதையும்
எண்ணிக் கழுவுகிறேன், ஒன்றில் விளிம்பு உடைசல்.
காணிக்கைப் பெட்டியை
இரண்டு பேர் பார்க்கத்தான் திறக்கிறேன்.

நேற்று ராயப்பன் வீட்டுக்குப்
பர்மியத்தில் ஒரு கடிதம் வந்தது, முத்திரை குத்தி.
மகன் பெயர் மட்டும் அவருக்கு அடையாளம் தெரிந்தது.
"என்ன போட்டிருக்கோ அதை அப்படியே சொல்லு" என்றார்.
நின்றபடியே படித்தேன்,
இரண்டு தடவை.

வாய் திறக்குமுன்
காது சுட்டது.